விடுதி வாசலில் ஒரு லாரி

எங்கள் தெருவில் அவரைச் சொந்தப் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் அவரே திரும்பிப் பார்க்க மாட்டார். பீரோ என்றால்தான் திரும்புவார். வாலிப வயதில் ஓர் இரும்பு பீரோவை ஒற்றை ஆளாக முதுகில் வார் போட்டுக் கட்டி, குறுகலான மாடிப்படியில் ஏற்றிவிட்டு, மேலே போய் "அடுத்தது என்ன" என்று கேட்டாராம். கேட்ட வீட்டுக்காரர் வைத்த பெயர் அது. அவரும் அதை விருது மாதிரி வாங்கி வைத்துக்கொண்டார்.

வீடு மாற்றிக் கொடுப்பதுதான் குடும்பத்துக்கே தொழில். லாரி ஓட்டுவது அவருடைய தம்பி. அவன் வாயைத் திறந்து நான் பார்த்தது சாப்பாட்டு வேளையில் மட்டும்தான். கண்ணாடி, பீங்கான் சாமான்களைக் காகிதம் சுற்றிப் பெட்டியில் அடுக்குவது பீரோவின் மனைவி. நான் பக்கத்து வீடு. திரைச்சீலை தைக்கிறேன். எந்த வீட்டுக்குச் சாமான் இறக்கினாலும், "ஜன்னலுக்குத் திரை வேணும்னா எங்க அக்கா இருக்காங்க, நல்லா தைப்பாங்க, கொஞ்சம் திட்டுவாங்க, கண்டுக்காதீங்க" என்று சொல்லிவிட்டுத்தான் வருவார்கள். என் அடுப்பு எரிவதில் பாதி அவர்கள் புண்ணியம். அதை நான் எங்கேயும் மறைத்ததில்லை.

அவர்களுக்கு ஒரே பெண். சிட்டு என்று கூப்பிடுவோம். அவளுக்குப் பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்த செய்தி வந்த அன்று பீரோ கண்ணில் பட்டவர்களுக்கெல்லாம் நன்றி சொன்னார். தபால்காரருக்குச் சொன்னார். பால்காரருக்குச் சொன்னார். தண்ணீர்க் குழாயைப் பழுது பார்க்க வந்தவர் காரணம் தெரியாமலே "பரவாயில்லைங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். அந்தக் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தையே முடித்த முதல் ஆள் அவள்தான். எனக்கு என்னவோ என் வயிற்றில் பிறந்தது போல நெஞ்சு விம்மியது.

சேருவதற்கு முந்தைய வாரம் ஒரு சாயங்காலம் விடுதியிலிருந்து போன் வந்தது. புதிதாக வருகிற ஒவ்வொருவரையும் இரண்டாம் வருடத்துப் பிள்ளை ஒருத்தி அழைத்து விவரம் சொல்வது அங்கே வழக்கமாம். சிட்டு போனை எல்லோருக்கும் கேட்கிற மாதிரி நடுவில் வைத்தாள். நாங்கள் சுற்றி உட்கார்ந்தோம்.

"முதல் மாசம் கஷ்டமாத்தான் இருக்கும். எனக்கும் இருந்துச்சு" என்றது அந்தப் பெண்ணின் குரல். "வாராவாரம் வீட்டுக்கு ஓடிடாத. அப்படி ஓடுனா இங்க ஒட்டவே ஒட்டாது. முதல் வாரம் ரூம் கதவைத் திறந்தே வை. போற வர்றவங்க எட்டிப் பார்த்துப் பேசுவாங்க. பாடம் புரியலன்னா அன்னைக்கே கேட்டுடு, பரீட்சை வரைக்கும் சேர்த்து வைக்காத. அப்புறம் அசல் சான்றிதழ் எல்லாம் கைப்பையில இருக்கட்டும். பெட்டியில போட்டுப் பூட்டிட்டு வந்து அழுதவங்க இருக்காங்க."

"சரிக்கா" என்றாள் சிட்டு.

"முக்கியமானது, சேர்ற அன்னைக்கு நாலு மணிக்குள்ள ஆபீஸ்ல கையெழுத்துப் போட்டுடணும். நாலு மணிக்கு ஜன்னலை மூடிடுவாங்க. போடலன்னா உன் இடம் அடுத்த ஆளுக்குப் போயிடும். இதுல மட்டும் யார் அழுதாலும் கேட்க மாட்டாங்க."

பீரோ போனுக்குப் பக்கத்தில் குனிந்தார். "ஏம்மா, என்னென்ன கொண்டு வரணும்?"

"வீட்ல இருக்கிற மாதிரி இருக்கணும்னா எது வேணுமோ அதைக் கொண்டு வாங்கப்பா. இனிமே இதுதானே அவளுக்கு வீடு. அரைகுறையா வந்தா அரைகுறையாத்தான் இருப்பா."

"ரொம்ப நன்றிம்மா. ரொம்ப நன்றி. நல்லா இருப்பம்மா" என்றார் பீரோ. அந்தப் பெண் சொன்ன அத்தனை நல்ல வார்த்தையில் கடைசி வார்த்தையை மட்டும் முடிந்து வைத்துக்கொண்டார் மனுஷர்.

அவருடைய தொழிலில் ஒரு கட்டுப்பாடு உண்டு. ஒரு வீட்டைக் காலி செய்தால் அங்கே ஓர் ஆணியைக்கூட விட்டு வரக் கூடாது. சாமானெல்லாம் லாரியில் ஏறிய பிறகு அவர் தனியாக உள்ளே போவார். கதவுக்குப் பின்னால், பரணுக்கு மேலே, குளியலறை மாடத்தில் என்று கையால் துழாவிப் பார்ப்பார். பிறகு துடைப்பம் வாங்கி வீட்டைச் சுத்தமாகக் கூட்டிவிட்டு, சாவியை ஒப்படைத்து வருவார். "பாதி அங்க பாதி இங்கன்னு கிடந்தா அது குடி மாறுனதே இல்லக்கா. ஜனங்க மனசும் பாதிதான் போகும்" என்பார். இத்தனை வருடத்தில் ஒரு வீட்டுக்காரர்கூட எதையும் விட்டுவிட்டு வந்துவிட்டீர்கள் என்று அவரைக் குறை சொன்னதில்லை.

சேருகிற நாளன்று சிட்டுவின் அம்மாவுக்கு வர முடியவில்லை. முன்பே ஒப்புக்கொண்ட ஒரு வீட்டில் பீங்கான் சாமான் அடுக்க வேண்டியிருந்தது. அந்த வீட்டம்மா வேறு யாரையும் தொட விடமாட்டாள். "நீங்க கூடப் போயிட்டு வாங்கக்கா. நான் வந்தா அழுதுடுவேன், அவளும் அழுவா. எல்லாம் நல்லதுக்குத்தான்" என்று சொல்லிவிட்டு, வழிக்கு ரொட்டியும் அவித்த முட்டையும் கட்டி வைத்துவிட்டு விடியும் முன்பே கிளம்பிவிட்டாள். சிட்டு காலையில் பள்ளிக்கூடத்து வாத்தியார்களிடம் சொல்லிக்கொண்டு வரப் போனாள். நான் தலைவாரிப் புடவை மாற்றிக்கொண்டு வெளியே வந்தால் லாரி நிற்கிறது.

அவர்கள் வீடு நீளமான ஒரே அறை. பின் ஜன்னலை ஒட்டிய மூலையை நான் தைத்த பச்சைத் திரை போட்டுத் தடுத்து, அதைச் சிட்டுவுக்கென்று விட்டிருந்தார்கள். அந்த மூலையில் இருந்ததெல்லாம் இப்போது லாரியில் இருந்தது. கட்டில், மெத்தை, இரும்பு அலமாரி, மேஜை, நாற்காலி, மின்விசிறி, சுவரில் மாட்டிய கண்ணாடி, என் பச்சைத் திரை, திரை தொங்கிய கம்பி. ஆணிகளைப் பிடுங்கி ஒரு டப்பாவில் போட்டு அதையும் மறக்காமல் ஏற்றியிருந்தார்.

"அந்த ஜன்னலை மட்டும் ஏன் தம்பி விட்டீங்க?" என்றேன்.

"அது சுவரோட இருக்குக்கா, வராது" என்றார் சீரியஸாக. "அந்தப் பொண்ணு சொல்லிச்சில்ல. அரைகுறையா வரக் கூடாதுன்னு."

"ஒரு அறையில நாலு பேரு தங்குற இடம் தம்பி அது."

"எடுத்துட்டுப் போனா வேணாம்னா சொல்லப் போறாங்க?"

இவரிடம் யார் பேசி ஜெயிப்பது என்று விட்டுவிட்டேன். அதற்குள் சிட்டு வந்துவிட்டாள். லாரியை ஏற இறங்கப் பார்த்தாள். வீட்டுக்குள் போனாள். நான் பின்னாலேயே போனேன். மூலை வெறிச்சென்று கிடந்தது. சுவரில் ஆணி இருந்த ஓட்டைகள் மட்டும் இருந்தன. கட்டில் கால் நின்ற இடத்தில் தரை வேறு நிறமாக இருந்தது.

"கூட்டியும் விட்டுட்டாரா அத்தை?" என்று கேட்டாள்.

வாசலில் நின்று பீரோ பெருமையாகச் சொன்னார். "பார்த்தியாம்மா, ஒரு குண்டூசி விடல."

அவள் தன் கைப்பையை எடுத்து நெஞ்சோடு அணைத்துக்கொண்டு போய் லாரியில் ஏறினாள். அவள் சித்தப்பா ஓட்ட, நான் நடுவில், அவள் ஜன்னலோரம். பீரோ பின்னால் சாமானோடு சாமானாக அலமாரியைப் பிடித்தபடி வந்தார். வானம் மூடிக்கொண்டு, இதோ வருகிறேன் அதோ வருகிறேன் என்று போக்குக் காட்டிக்கொண்டிருந்தது. தார்ப்பாய் கட்ட நடுவழியில் இரண்டு முறை நிறுத்தினார்கள். அதிலேயே மத்தியானம் போய்விட்டது. ரொட்டியை நீட்டினேன், வேண்டாம் என்றாள். முட்டையை நீட்டினேன், தலையை மட்டும் ஆட்டினாள். சித்தப்பா அவள் பங்கையும் சேர்த்துச் சாப்பிட்டான். பிரிவு ஏக்கம், தானாகச் சரியாகிவிடும் என்று நினைத்துக்கொண்டேன்.

பல்கலைக்கழக வாசலில் காவலாளி லாரியை மறித்தார். "கட்டட வேலைக்கா? அதுக்குப் பின்பக்க வாசல்."

"பொண்ணு படிக்க வந்திருக்குங்க" என்றார் பீரோ மேலேயிருந்து.

காவலாளி லாரியை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார். சிரிப்பை அடக்கிக்கொண்டு வழிவிட்டார்.

விடுதி முற்றத்தில் ஏகப்பட்ட குடும்பங்கள். ஆளுக்கு ஒரு பெட்டி, ஒரு பை, ஒரு வாளி. நடுவில் எங்கள் லாரி போய் நின்றதும் பேச்சு நின்றது. யாரோ ஒரு பையன் போனில் படம் எடுத்தான். குடையின் கீழ் மேஜை போட்டு உட்கார்ந்திருந்த ஒரு பெண் எழுந்து ஓடி வந்தாள். சட்டையில் அடையாள அட்டை. அன்று போனில் பேசியவள் அவள்தான்.

"இதெல்லாம்... ஒருத்தருக்காப்பா?"

"ஆமாம்மா. நீ சொன்ன மாதிரியே ஒண்ணு விடாம கொண்டு வந்துட்டேன்."

அந்தப் பெண்ணின் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டும். "ரூம்ல கட்டில், அலமாரி, மேஜை எல்லாம் ஏற்கெனவே இருக்குப்பா. இன்னொரு கட்டில் போட்டா கதவு திறக்காது" என்று மெதுவாகச் சொன்னாள். பிறகு கடிகாரத்தைப் பார்த்தாள். "அதை அப்புறம் பாத்துக்கலாம். மூணு தாண்டிடுச்சு. முதல்ல அவளைக் கையெழுத்துப் போட வரச் சொல்லுங்க."

நான் இறங்கிச் சுற்றி வந்து அவள் பக்கத்து லாரிக் கதவைத் திறந்தேன். "இறங்குடி."

"நான் இறங்கல அத்தை. வீட்டுக்குப் போலாம்."

"நாலு பேரு சிரிச்சா சிரிச்சுட்டுப் போறாங்க. நாளைக்கு அவங்களே மறந்துடுவாங்க. இதுக்குப் போய்..."

"அதுக்கில்ல."

"பின்ன எதுக்கு? இந்த இடத்துக்காக நீ எப்படிப் படிச்சேன்னு எனக்குத் தெரியாதா? விளக்கை அணைக்கச் சொன்னா என் வீட்டு வாசல்ல வந்து உக்காந்து படிச்சவ நீ."

அவள் கைப்பையின் வாரைத் திருகிக்கொண்டே இருந்தாள். பிறகு ஒரேயடியாகக் கொட்டினாள்.

"சின்ன வயசுல இருந்து எத்தனை வீட்டைப் பார்த்திருக்கேன் அத்தை. சாமான் எல்லாம் ஏத்தி, கூட்டிவிட்டு, சாவியைக் கொடுத்துட்டு வருவாரு அப்பா. அந்த வீட்டுக்கு அவங்க திரும்ப வரவே மாட்டாங்க. அதுக்குத்தான் கூட்டி விடுறதே. இன்னைக்கு என் இடத்தைக் கூட்டிட்டாரு. என்னையும் காலி பண்ணிட்டாரு. இங்க எனக்கு ஒட்டலன்னா, பாடம் புரியலன்னா, பெயிலாயிட்டேன்னா நான் எங்க போய் நிப்பேன்? எனக்குன்னு அங்க ஒரு ஆணிகூட இல்லையே."

அவள் கன்னத்தைத் துடைத்துவிட்டு, பீரோவைத் தேடிப் போனேன்.

மழை பிடித்துக்கொண்டிருந்தது. மனுஷர் லாரிப் பக்கத்தில் இல்லை. படிக்கட்டில் இருந்தார். பிள்ளைகளின் அப்பாக்கள் பெட்டியை எப்படித் தூக்குவது என்று தெரியாமல் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிற்பதை அவரால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. "குனியாதீங்க சார், முழங்காலை மடக்குங்க. விடுங்க, நான் பிடிக்கிறேன்" என்று ஆளுக்கு ஆள் வாங்கி மேலே ஏற்றிக்கொண்டிருந்தார். சற்று முன்பு சிரித்தவர்கள் இப்போது குடை பிடித்தார்கள். தன் சுமை முற்றத்தில் நிற்க, ஊர்ச் சுமையைத் தூக்கிக்கொண்டிருந்தார்.

கையைப் பிடித்து இழுத்து ஓரமாக நிறுத்தி விஷயத்தைச் சொன்னேன். சொல்லச் சொல்ல அவர் முகம் சுருங்கியது. தோளில் கிடந்த துண்டை எடுத்துத் தலையைத் துடைத்தார். பிறகு நேராக லாரிக்குப் போய், கதவுக்கு வெளியே மழையிலேயே நின்றார்.

"தொழில் புத்தியில பண்ணிட்டேம்மா" என்றார். "ஒருத்தரை அனுப்பி வைக்கிறதுன்னா எனக்கு இந்த ஒரு விதம்தான் தெரியும். உனக்கு ஒரு குறையும் வந்துடக் கூடாதுன்னு நினைச்சேன். வேற ஒண்ணும் நினைக்கல."

"நான் குடி மாறலப்பா. படிக்கத்தான் வந்திருக்கேன்."

"சரிம்மா."

"நடுவுல வந்தா எங்கப்பா படுப்பேன்?"

"உன் கட்டில்லதான். இன்னைக்கே போய் எல்லாத்தையும் இருந்த இடத்துல வச்சிடறேன். அதே ஓட்டையில அதே ஆணி. நீ பெயிலானாலும் வா, பாஸானாலும் வா, பாதியில வா, சும்மா பாக்க வா. எப்ப வந்தாலும் அது உன் இடம். இதை நான் சொல்லணும்னே எனக்குத் தோணலம்மா. உனக்குத் தெரியும்னு நினைச்சுட்டேன்."

அவள் மூக்கை உறிஞ்சினாள். "கூட்டி வேற விட்டீங்களே."

"அதுக்கு என்னம்மா பண்றது" என்றார் பீரோ. "குப்பையைக் கொண்டு போய்த் திரும்பக் கொட்டட்டுமா?"

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அழுகையோடு சிரிப்பும் சேர்ந்து வர, கதவைத் திறந்து இறங்கினாள். இறங்கி, அவருடைய ஈரச் சட்டைத் தோளிலேயே முகத்தை வைத்தாள். நான் அங்கே நிற்காமல் அந்த இரண்டாம் வருடத்துப் பெண்ணைக் கூப்பிட்டேன். அவள் சிட்டுவின் கையைப் பிடித்துக்கொண்டு ஓடினாள். நானும் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு பின்னால் ஓடினேன்.

அலுவலகத்தில் ஜன்னலை இழுக்கக் கைவைத்துவிட்டார் குமாஸ்தா. எங்களைப் பார்த்துக் கையை எடுத்தார். சான்றிதழெல்லாம் கைப்பையிலேயே இருந்தது. எடுத்து வைத்தாள், அவர் சரிபார்த்தார், அவள் கையெழுத்துப் போட்டாள். அவ்வளவுதான், இடம் அவளுடையதாகிவிட்டது. "ஏன் இவ்வளவு நேரம்?" என்று குமாஸ்தா கேட்டார். "அப்பாகிட்ட ஒரு விஷயம் கேட்க வேண்டியிருந்துச்சு சார்" என்றாள் சிட்டு. அவருக்கு நூறு தடவை நன்றி சொன்னேன். எனக்கும் பீரோவின் வியாதி தொற்றிக்கொண்டது போலிருந்தது.

திரும்பி வந்தபோது பீரோவைச் சுற்றி ஒரு கூட்டம். யாரோ டீ வாங்கிக் கொடுத்திருந்தார்கள். விடுதிக் காப்பாளர் அம்மா வந்து, அடுத்த வருடமும் இதே நாளில் வர முடியுமா என்று விசாரித்துக்கொண்டிருந்தார். தலையணை, போர்வை, துணிப்பை, வாளி இவ்வளவும் மட்டும் சிட்டுவின் அறைக்குப் போயின. இரண்டாம் வருடத்துப் பெண் அவரிடம் வந்து, "நான்தான்ப்பா சரியாச் சொல்லல, மன்னிச்சுக்கோங்க" என்றாள்.

"நீ சரியாத்தாம்மா சொன்ன. நான் என் தொழிலுக்கு ஏத்த மாதிரி கேட்டுக்கிட்டேன். இவ பக்கத்துல நீ இருக்கேங்குறதே எனக்குப் போதும்" என்றார் பீரோ.

ஏற்றிய சாமானை இறக்காமல் அவர் லாரி திரும்பி வந்தது அதுதான் முதல் தடவை. வழியெல்லாம் சித்தப்பா ஏதோ பாட்டை முணுமுணுத்தான். வீட்டுக்கு வந்தால், சிட்டுவின் அம்மா விளக்கைக்கூடப் போடாமல் அந்தக் காலி மூலையில் உட்கார்ந்திருந்தாள். லாரியில் கட்டிலைப் பார்த்ததும் "பிள்ளை வந்துட்டாளா?" என்று பதறி எழுந்தாள். "பிள்ளை அங்க, சாமான் இங்க. அப்படித்தான் இருக்கணுமாம்" என்றார் பீரோ. அன்று படுக்கும் முன்பே எல்லாம் இருந்த இடத்துக்கு வந்துவிட்டது. நான்தான் பச்சைத் திரையை மாட்டினேன்.

அதற்குப் பிறகு நடந்ததுதான் கூத்து. அந்த மூலையில் ஒரு ஈ உட்காரக் கூடாது என்று ஆகிவிட்டது. நீள அறையின் பாதியில் புருஷன், பெண்டாட்டி, தம்பி, காகிதக் கட்டு, கயிற்று மூட்டை எல்லாம் நெருக்கிக்கொண்டு கிடக்க, மறு பாதியில் விரித்த மெத்தை விரித்தபடி இருந்தது. சித்தப்பா மறந்துபோய்த் தன் சட்டையை அந்த நாற்காலியில் போட்டதற்கு வீட்டில் ஒரு பெரிய விசாரணையே நடந்தது. சிட்டுவின் அம்மா கட்டிலுக்குப் பக்கத்திலேயே வெறுந்தரையில் படுத்தாள். காலையில் சுவரைப் பிடித்துத்தான் எழுந்தாள். "மேல படேன்" என்றால், "அது அவ இடம்க்கா" என்பாள். சொன்னால் கேட்கிற குடும்பமா அது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் சிட்டு போன் செய்தாள். முதல் வாரம் கதவைத் திறந்தே வைத்ததில் எதிர் அறைப் பெண் ஒருத்தி ஒட்டிக்கொண்டாளாம். கூடத் தங்கியிருப்பவர்களில் ஒருத்தி குறட்டை விடுகிறாளாம். ஒரு பாடம் சுத்தமாகப் புரியாமல், எல்லோருக்கும் முன்னால் எழுந்து நின்று கேட்டேவிட்டாளாம். "கேட்டா, எனக்கும் புரியல, எனக்கும் புரியலன்னு பாதி கிளாஸ் கை தூக்குது அத்தை" என்று சிரித்தாள். அம்மா பேசினாள், அப்பா பேசினார், சித்தப்பா "ம்" என்றான். கடைசியாகப் போன் என் கைக்கு வந்தபோது நான் உள்ளதைச் சொல்லிவிட்டேன். கட்டில் சும்மா கிடப்பதையும் அவள் அம்மா தரையில் கிடப்பதையும்.

"அம்மாகிட்ட கொடுங்க அத்தை" என்றாள். நான் எல்லோருக்கும் கேட்கிற மாதிரி வைத்தேன்.

"அம்மா, இன்னைக்கு நீ கட்டில்ல படு."

"உன் இடம்டி அது."

"என் இடம்தான். அதனாலதான் சொல்றேன். இங்க படுக்கும்போதெல்லாம் நீ எங்க படுத்திருக்கேன்னு நினைச்சுட்டேதான்மா படுக்கிறேன். எனக்காக நீ அங்க படுத்துக்கோ. நான் வந்தா நகர்ந்துக்கோ, ரெண்டு பேரும் படுப்போம்."

பீரோ துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, எல்லோருக்கும் பொதுவாக, "நன்றிம்மா" என்றார். பெற்ற பிள்ளைக்கு யாராவது நன்றி சொல்வார்களா என்று திட்ட வாயெடுத்தவள், முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டேன்.

மறுநாள் காலை நன்றாக வெயில் ஏறிய பிறகும் அவர்கள் வீட்டில் அரவமில்லை. வேலை நாள் ஆயிற்றே என்று எட்டிப் பார்க்கப் போனேன். பீரோ வாசலில் குந்தியிருந்தார். அவரும் சித்தப்பாவுமாக லாரியைக் கிளப்பாமல் தெருக்கோடி வரை தள்ளிக்கொண்டு போய் நிறுத்தியிருந்தார்கள். "என்ன தம்பி, வேலைக்குப் போகல?" என்றேன். அவர் பதறி எழுந்து உதட்டில் விரல் வைத்தார். பச்சைத் திரை மூடியிருந்தது. அதற்குப் பின்னால் சிட்டுவின் அம்மா, கல்யாணமாகி வந்த நாளிலிருந்து முதல் தடவையாக, வெயில் ஏறியும் தூங்கிக்கொண்டிருந்தாள்.